பால்மானி பார்த்த சூசைமாணிக்கம்

தென்காசியை அடுத்த மேலகரத்துக்கு வந்து சூசைமாணிக்கம் வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். அரைச்சாமி வீடு எது என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். குருவானவர் ஆக வேண்டும் என்று குருமடத்தில் சேர்ந்து, படிப்பு முடிவதற்குள் நெஞ்சுநோயாகிய காசம் கண்டு வீடு திரும்பியவர் அவர். முழுச்சாமி ஆகாமல் பாதியில் இறங்கிவிட்டதால் அரைச்சாமி. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒருமனதாகச் சூட்டிய அந்தப் பெயரை அவர் ஒருநாளும் வெறுத்ததில்லை. "பாதியாவது மிச்சம் வச்சியளே, அதுவே பெரிசு" என்று சிரித்துக்கொள்வார்.

குருமடத்திலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து, நன்றாகத் தெரிந்த இலத்தீனும் ஓரளவு தெரிந்த கிரேக்கமும். சுதந்திரம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்தக் காலத்தில், தென்காசியில் அவ்விரு மொழிகளுக்கும் பெரிய தேவை எதுவும் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் குருவானவருக்கு இலத்தீனில் மறுமொழி சொல்லலாம். மருந்துக்கடைக்காரர் எப்போதாவது ஒரு சீட்டை நீட்டி, டாக்டர் கிறுக்கியிருக்கும் இலத்தீன் குறிகளுக்குப் பொருள் கேட்பார். கிரேக்கத்தைக் கேட்பார் யாருமில்லை.

நெஞ்சுநோயிலிருந்து அவரை மீட்டது பால். ஓய்வு, முட்டை, பால் என்று டாக்டர் சொல்லிவிட, பால் கொடுக்க முன்வந்தவர் செண்பகவல்லி. சிற்றாற்றுக் கால்வாயை ஒட்டி வீடு. தொழுவத்தில் இரண்டு பசுக்கள். கணவர் செங்கோட்டைப் பக்கம் மரம் ஏற்றும் வண்டி ஓட்டப் போய்விடுவதால் மாடுகள் முழுக்கச் செண்பகவல்லியின் பொறுப்பு. விடியும்போதே கறந்த சூடு மாறாமல், நுரை ததும்பத் ததும்பச் செம்பைக் கொண்டுவந்து நீட்டுவார். அவ்வூரில் பாலுக்கு நற்சாட்சி அந்தச் சூடும் நுரையுமே. ஆறிய பாலை எந்த வீட்டுப் பெண்ணும் வாங்க மாட்டாள். வழியில் என்ன நடந்ததோ என்று சந்தேகப்படுவாள். ஓராண்டுக் காலம் அந்தப் பாலைக் குடித்தே சூசைமாணிக்கம் தேறினார். "மருந்து பாதி, செண்பகவல்லி அக்கா மீதி" என்பதை அவர் காண்பவரிடமெல்லாம் சொல்லுவார். தம்மைவிட மூத்தவராகிய அவரை அன்றுமுதல் அக்காள் என்றே அழைத்தார்.

இந்நிலையில், குற்றாலம் போகும் சாலையில் ஒரு பால் சங்கம் தொடங்கினார்கள். தலைவராக வந்தவர் சிவனணைந்தபெருமாள். வாய் கொஞ்சம் நீளம், மனம் நேர்மை. பாலைச் சோதித்து வாங்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவராகவும் பொய் சொல்லாதவராகவும் இருக்க வேண்டும். "சாமியாருக்குப் படிச்சவன் பொய் சொல்லமாட்டான்" என்று தலைவர் முடிவுகட்ட, அந்த வேலை சூசைமாணிக்கத்துக்குக் கிடைத்தது.

முதல் நாள், மதுரையிலிருந்து வந்த ஒரு சிறு பெட்டியைத் தலைவர் திறந்தார். பஞ்சுக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் படுத்திருந்தது. மேலே மெல்லிய காம்பு, கீழே பருத்த குமிழ்.

"ஓய் சூசை, என்னவே இது? காய்ச்சல் பாக்கிற குழாய் மாரி இருக்கு, ஆனா வவுறு பெருத்துல்லா கெடக்கு!"

சூசைமாணிக்கம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பொறித்திருந்த பெயரைப் படித்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"லாக்டோமீட்டர், அண்ணாச்சி! லாக் அப்படின்னா இலத்தீன்ல பாலு. லாக்டிஸ்னா பாலினுடைய. மெட்ரோன்னா கிரேக்கத்துல அளவு. ரெண்டையும் சேத்து ஒட்டியிருக்கான்."

"ஒரே பாஷையில வைக்கதுக்கு என்ன?"

"வச்சிருக்கலாம். கிரேக்கத்துல பாலுக்குக் கலா. வானத்துல தெரியுத பால்வீதிக்கு இங்கிலீசுக்காரன் கேலக்ஸின்னு சொல்லுத பேரும் அந்தக் கலாவுல இருந்து வந்ததுதான். அதை வச்சிருந்தா முழுப் பேரும் கிரேக்கமா இருந்திருக்கும். இவன் தலையை ரோமாபுரியில வாங்கி, வாலைக் கிரேக்கத்துல வாங்கியிருக்கான்."

தலைவர் கைகொட்டிச் சிரித்தார். "அப்படிச் சொல்லும்! கலப்படத்தைப் பிடிக்க வந்த சாமானுக்குப் பேரே கலப்படம்!"

சூசைமாணிக்கமும் சிரித்தார். ஆனால் அவருடைய உள்ளத்தில் நிறைந்திருந்தது வேறு. யாருக்கும் வேண்டாதவையாகத் தம்மிடம் கிடந்த இரண்டு மொழிகளும் ஒரு கண்ணாடிக் குழாயில் ஒன்றாக நின்று தமக்குச் சோறு போட வந்திருக்கின்றனவே என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அன்று மாலையே, 'பால்மானி' என்று தமிழ்ப் பெயர் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டினார்.

சோதிக்கும் முறை எளியது. உயரமான குவளையில் பாலை ஊற்றிப் பால்மானியை மிதக்கவிட வேண்டும். காம்பில் இரண்டு கோடுகள் உண்டு. நல்ல பால் குழாயைத் தாங்கிப் பிடிக்கும். கீழ்க்கோடுவரை வெளியே தெரியும். தண்ணீர் கலந்த பால் தாங்காது. குழாய் அமிழ்ந்து, மேல்கோட்டை நோக்கிப் போகும். சுற்றூர்களிலிருந்து நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களின் பாலை அவர் அப்படிச் சோதித்து வாங்கினார். சிலர் பிடிபட்டார்கள். மூன்று முறை பிடிபட்டால் சங்கத்திலிருந்து பெயர் நீக்கம். அந்த மூன்றாம் நாள் பாலை எல்லார் முன்னிலையிலும் கால்வாயில் கொட்டிவிட வேண்டும். இது சங்கம் கூடிச் செய்த விதி. அப்படி நீக்கப்பட்டவரிடம் பிறகு ஊரில் ஒரு வீடும் பால் வாங்காது.

செண்பகவல்லி வெகுநாள்வரை வீடுகளுக்கே ஊற்றிக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறாம் ஆண்டு சித்திரையில்தான் சங்கத்தில் சேர்ந்தார். அவர் வீடு சங்கத்துக்கு அடுத்த தெரு. தூரத்து ஊர்க்காரர்களுக்கெல்லாம் முன்னால், வழக்கம்போல் சூடும் நுரையுமாகப் பாலைக் கொண்டுவந்து வைத்தார். சூசைமாணிக்கம் சோதனைகூட வேண்டாம் என்று நினைத்தவர். இருந்தாலும் விதி விதிதான். பால்மானியை விட்டார்.

குழாய் கீழ்க்கோட்டைத் தாண்டி அமிழ்ந்தது.

எடுத்துத் துடைத்து மறுபடியும் விட்டார். மறுபடியும் அமிழ்ந்தது. ஊர்க்கோடியிலிருந்து பால் சுமந்து வந்து வரிசையில் நின்ற தங்கத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி செண்பகம், மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னா, பாலுக்கா காட்டுன?"

சிரிப்பு எழுந்தது. செண்பகவல்லி யாரையும் பார்க்கவில்லை. "குழாய் சரியா இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அடுத்து வந்த தூரத்து ஊர்ப் பாலில் அதே குழாய் ஒழுங்காக நின்றது. சூசைமாணிக்கம் பதிவேட்டைத் திறந்தார். செண்பகவல்லியின் பெயருக்கு எதிரே, பிடிபட்டதற்கு அடையாளமாக ஒரு புள்ளி வைத்துப் பாலைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாளும் அப்படியே நடந்தது. இரண்டாம் புள்ளி விழுந்தது. இம்முறை செண்பகவல்லி செம்பை எடுத்துக்கொண்டு போகாமல் நின்றார்.

"தம்பி, ஒரு வருசம் நீ குடிச்ச பாலு இது. உன் நாக்கு என்ன சொல்லுது?"

"நல்ல பாலுன்னு சொல்லுது அக்கா. ஆனா கருவி அப்படிச் சொல்ல மாட்டேங்குதே."

"அப்ப ரெண்டுல எது பொய் சொல்லுது?"

"அதுக்குப் பேரே பால் அளவு, அக்கா. பாலை அளக்கதுக்குன்னே செஞ்ச சாமான். அது எப்படிப் பொய் சொல்லும்?"

"எனக்குப் பேரு செண்பகவல்லி. அதுக்காவ நான் என்ன பூவா பூக்கேன்?"

செண்பகவல்லி குரலைத் தாழ்த்தினார். "நாக்கை நம்பு, குழாயை நம்பு, உன் இஷ்டம். ஆனா மூணாவது தடவை எங்க தொழுவத்துல வச்சுப் பாரு. நான் கறக்கேன், நீ பக்கத்துல நில்லு. அதுலயும் தண்ணின்னு சொல்லுச்சுன்னா நானே கால்வாயில கொட்டிட்டுப் போறேன்."

அன்று பிற்பகல் ஹபீபுல்லா வந்தார். குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் தேநீர்க்கடை வைத்திருந்தவர். சங்கத்துப் பாலை மொத்தமாக வாங்குகிறவர். வரும்போதே சண்டையோடு வந்தார்.

"அரைச்சாமி, உங்க பாலைக் காய்ச்சினா ஆடை கட்டவே மாட்டேங்குது. சீசனுக்கு முன்னால என் கடைப் பேரைக் கெடுக்கவா பாக்கீரு?"

"எல்லாம் சோதிச்ச பாலு பாய்."

"சோதிச்சீரு! காலையில நீரு தள்ளின பாலு இருக்கே, செண்பகவல்லிம்மா பாலு, அதை நான் வழியில மறிச்சு வாங்கிட்டுப் போனேன். ஆடை எவ்வளவு கனம் தெரியுமா? கரண்டி நிக்குது! நீரு எடுத்துக்கிட்ட பாலுல ஈ உக்காந்தா முங்கிரும். உம்ம குழாய்க்குக் கண்ணு தெரியலியோ என்னமோ, ஒரு டாக்டர்கிட்ட காட்டும்."

அன்று இரவு சூசைமாணிக்கம் இதையே யோசித்துக்கொண்டிருந்தார். பெயரின் ஒவ்வொரு அசையும் எங்கே பிறந்தது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெயரை நம்பி, தமக்கு உயிர் கொடுத்த ஒருவரின் மானத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம் என்பதும் தெரிந்தது. கருவியை நம்பாமல் விட்டால் இதுவரை பிடிபட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது? நம்பினால் அக்காளுக்கு என்ன பதில் சொல்வது?

மறுநாள் விடியற்காலையில் தொழுவத்தில் கூட்டம் கூடிவிட்டது. தலைவர் வந்திருந்தார், தங்கத்தாயும் வேறு நாலைந்து பெண்களும் வந்திருந்தார்கள். செண்பகவல்லி காலிச் செம்பைக் கவிழ்த்து எல்லாருக்கும் காட்டிவிட்டுக் கறக்க உட்கார்ந்தார். பால் சர்சர்ரென்று நுரைத்து ஏறியது. சூசைமாணிக்கம் குவளையில் ஊற்றிப் பால்மானியை விட்டார்.

குழாய் அமிழ்ந்தது.

பசு வாலை வீசிக்கொண்டிருந்தது. தலைவர் குனிந்து பார்த்தார்.

"என்னவே இது! மாடு கால்வாயில குடிச்ச தண்ணியை நேரா மடிக்கு அனுப்பிட்டுதோ?"

கொல்லென்று சிரிப்பு. செண்பகவல்லி சிரிக்கவில்லை. "இப்ப யார் பேரை வெட்டப் போறிய? என் பேரையா, மாட்டுப் பேரையா?" என்று கேட்டார்.

சூசைமாணிக்கம் குழாயை வெளியே எடுத்துக் கிழக்கு வெளுப்புக்கு நேராகப் பிடித்தார். எத்தனையோ முறை ஆசையோடு படித்த அதே பெயர். அதன் அடியில், நகக்கண் அளவில் ஓர் எண்: அறுபது. எண்ணின் தோளில் ஒரு பொடி வட்டம். செய்தவன் போட்ட வரிசை எண் என்று எண்ணி, முதல் நாளிலிருந்தே அதைக் கண்டும் காணாமல் இருந்திருந்தார். பெரிய எழுத்துகள் அவரை அவ்வளவு மயக்கியிருந்தன. இப்போது அந்தப் பொடி வட்டம் அவர் கண்ணில் குத்தியது. அது டிகிரிக் குறி. சூட்டின் அளவு!

நோய்க்காலத்திலிருந்து சட்டைப்பையில் காய்ச்சல்மானியை வைத்திருப்பது அவர் பழக்கம். அதை எடுத்துத் துடைத்துப் பாலில் வைத்தார்.

"பாலுக்குக் காய்ச்சலா தம்பி?" என்றார் செண்பகவல்லி, அவ்வளவு கலக்கத்திலும்.

"காய்ச்சலேதான் அக்கா! தொண்ணூத்தெட்டு காட்டுது. இந்தக் கண்ணாடி அறுபதுக்குச் செஞ்சது. சூடு ஏறுனா பாலு விரியும், விரிஞ்சா லேசாகும், லேசானா குழாயைத் தாங்காது. நுரையும் சேந்துக்கிடுச்சு. தூரத்து ஊர்ப் பாலெல்லாம் வழியிலயே ஆறி வந்துருது. நீங்க பக்கத்துல இருக்கதாலயும், சூடு ஆறக் கூடாதுன்னு ஓடி வாறதாலயும்தான் மாட்டிக்கிட்டிய!"

"அந்தக் குழாய்க்கு என்னவே பேரு?" என்று தலைவர் காய்ச்சல்மானியைக் காட்டினார்.

"தெர்மாமீட்டர். தெர்மோஸ்னா சூடு. ரெண்டு பாதியும் கிரேக்கம், அண்ணாச்சி."

"இதுலயாவது கலப்படம் இல்லாம இருக்கே, புண்ணியவான்!"

செம்பை மூடிக் கழுத்தளவுக்குக் கால்வாய்த் தண்ணீரில் இறக்கி, பக்கத்திலேயே எல்லாரும் குந்தினார்கள். பாறையிலிருந்து இறங்கிவரும் தண்ணீர் சித்திரையிலும் குளிர்ச்சியாகத்தான் ஓடியது. தங்கத்தாய் அடிக்கொரு தரம் செம்பைத் தொட்டுப் பார்த்தாள். செண்பகவல்லி தொடவில்லை; இடுப்பில் கை வைத்து எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக ஆறி நுரையும் அடங்கியபின், சூசைமாணிக்கம் பாலைக் கலக்கிக் குவளையில் ஊற்றினார். பால்மானியைத் தாம் விடாமல் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் அதைப் பாலில் விட்டார். அது ஒருமுறை முங்கி எழுந்து, இரண்டு மூன்று முறை ஆடி, கீழ்க்கோட்டில் நின்றது.

"நின்னுட்டுதுட்டி!" என்று முதலில் கத்தியவள் தங்கத்தாய்தான்.

செண்பகவல்லி குனிந்து பார்த்தார். "இன்னொரு தடவை விடுங்க" என்றார். இன்னொரு தடவையும் நின்றது. அதன்பிறகே அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சூசைமாணிக்கம் எல்லார் முன்னிலையிலும் கைகூப்பினார். "பேரைப் படிச்சேன், அக்கா. பக்கத்துல இருந்த எண்ணைப் படிக்கல. பாலை அளக்கதுன்னு பேரு சொல்லுது. ஆனா இந்தக் குழாய்க்குப் பாலே தெரியாது. கனம் மட்டுந்தான் தெரியும். பேரு வச்சவன் ஆசைப்பட்டு வச்சிட்டான். அந்த ஆசையை நான் அப்படியே நம்பிட்டேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹபீபுல்லாவின் சண்டை அவர் நினைவுக்கு வந்தது. கனம் மட்டுமே தெரிந்த குழாய்க்கு, ஆடையை எடுத்துவிட்ட பால் எப்படித் தெரியும்? ஆடை லேசானது, அதை எடுத்தால் பால் கனக்கும். கனத்த பாலில் அளவாகத் தண்ணீர் விட்டால் குழாய் அதே கோட்டில் நிற்கும். இதை அவர் விளக்கியபோது தலைவரின் முகம் சிவந்தது.

"அப்ப ஒருத்தன் ஆடையை எடுத்து வெண்ணெய் ஆக்கிட்டு, தண்ணியையும் விட்டு, சிரிச்சுக்கிட்டே நம்ம தலையில கட்டியிருக்கான். நீரும் சபாஷ் போட்டு வாங்கியிருக்கீரு!"

"ஆமா, அண்ணாச்சி."

அன்றே புதிய விதி செய்தார்கள். எல்லாருடைய பாலும் செம்போடு சங்கத்துக் கல்தொட்டித் தண்ணீரில் அரைமணி நேரம் நின்று ஆறிய பிறகே சோதிக்கப்படும். அவ்வப்போது யார் பாலையாவது காய்ச்சி ஆடையும் பார்க்கப்படும். செண்பகவல்லியின் பெயருக்கு எதிரே இருந்த இரண்டு புள்ளிகளையும் தலைவரே அடித்தார். அடுத்த வாரம் ஒருவர் சங்கத்துக்குப் பால் கொண்டுவருவதைத் தாமாகவே நிறுத்திக்கொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஹபீபுல்லாவும் மறுபடி சண்டைக்கு வரவில்லை.

செண்பகவல்லி மறுநாள் எப்போதும்போல் முதல் ஆளாக வந்தார். செம்பைத் தொட்டியில் இறக்கிவிட்டு உட்கார்ந்தார். பிறகு வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். இத்தனை நாளும் பாலைக் கொடுத்தோம் போனோம் என்று இருந்தவர்களுக்கு இந்த அரைமணி நேரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. "சும்மா இருக்கதுக்கு, அந்தக் குழாய்ப் பேரு கதையை எங்களுக்கும் சொல்லு தம்பி" என்று கேட்டவர் செண்பகவல்லிதான்.

அன்று தொடங்கியது, சூசைமாணிக்கம் அறுபதுகளின் கடைசியில் அந்த வேலையிலிருந்து விலகும்வரை நின்றதே இல்லை. பால் ஆறும் நேரம் பெயர்களின் நேரம் ஆயிற்று. தபாலாபீசுக்குத் தொலைபேசி வந்தபோது டெலிபோன் வந்த வழியைச் சொன்னார்: டெலே தூரம், போனே குரல். பள்ளிக்கூடத்துக்கு மைக்ராஸ்கோப் வந்தபோது அதைச் சொன்னார். கேட்பதற்கென்றே, பால் கொண்டுவராத சிலரும் வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் தம் நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டுக்கொண்டார். இரண்டு மொழிகளை எனக்குக் குருமடம் கொடுத்தது, அவற்றுக்கு ஒரு சபையை அக்காளின் பால் கொடுத்தது என்று சூசைமாணிக்கம் பின்னாளில் மணந்துகொண்ட தம் மனைவி சுகிர்தத்திடம் அடிக்கடி சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் குரல் கனிந்துவிடும்.

ஆனால் அந்தச் சபை அவர் சொன்னதை அப்படியே விழுங்கும் சபையாக இருக்கவில்லை. ஒவ்வொரு பெயரும் சொல்லி முடிந்ததும் செண்பகவல்லி ஒரே கேள்வியைக் கேட்பார்: "பேரு கெடக்கட்டும் தம்பி, அது நெசமா என்ன செய்யுது?" அதற்கும் பதில் சொன்ன பிறகுதான் அடுத்த பெயருக்குப் போக முடியும்.

ஒருநாள் டாக்டர்களின் குழாயைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஸ்டெதாஸ்கோப்" என்றார் சூசைமாணிக்கம். "ஸ்டேதோஸ்னா நெஞ்சு. ஸ்கோபெயின்னா பாக்கிறது. ரெண்டும் கிரேக்கம். நெஞ்சைப் பாக்கிற கருவி."

செண்பகவல்லி தலையைச் சாய்த்து யோசித்தார்.

"காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கத்தானே செய்யுதாரு டாக்டரு? எங்கன பாக்காரு?"

தலைவர் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். தங்கத்தாய் பக்கத்தில் இருந்தவளின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள்.

"நெசந்தான் அக்கா" என்றார் சூசைமாணிக்கம், தாமும் சிரித்தபடி. "குருமடத்துல இதை நானும் கேக்கல, யாரும் கேக்கல."

"சரி, சரி. பாலு ஆறிட்டுது பாரு" என்று எழுந்த செண்பகவல்லி, தொட்டியிலிருந்து தம் செம்பைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார்.